சிவப்புச் சட்னி கூட, பச்சை வேண்டாம்

முதலில் சத்தம்தான் வந்தது. ஈர மண்ணில் ஊன்றிப்போன பெரிய முள்ளங்கி ஒன்றை யாரோ பிடுங்கப் பார்க்க, அது கொஞ்சம் வந்து, பிறகு வரமாட்டேன் என்று உள்ளே இழுத்துக்கொள்வதைப் போன்ற சத்தம். அதற்கு மேல் பழைய டீசல் எஞ்சின் ஒன்றின் இருமல். மடப்பள்ளியில் புளிக்காய்ச்சல் கிண்டிக்கொண்டிருந்த சுடலைமுத்துவுக்கு அந்த இருமலைத் தெரியும். பின்பக்கத்து டயர்க் கடை மைதானத்தில் நிற்கும் ஒதிலியாவின் டாக்கோ வண்டி அது. தினமும் மாலை நாலு மணிக்கு இருமிவிட்டுக் கிளம்பி, ஊருக்கு வெளியே பாதாம் உடைக்கும் ஆலையின் வாசலுக்குப் போய், ஷிப்ட் மாறி வருகிறவர்களுக்கும் போகிறவர்களுக்கும் சோறு போடும். அன்றைக்கு இருமல் கேட்டது, முள்ளங்கி கேட்டது, போகிற சத்தம் மட்டும் கேட்கவில்லை.

அடுப்பைத் தணித்துவிட்டுப் பின்கதவைத் திறந்து பார்த்தான். வண்டியின் நாலு சக்கரமும் வேர் விட்டிருந்தன. ரப்பர் எங்கே முடிகிறது, வேர் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாதபடி, தொடைப் பருமனில், தார்த் தரையை அப்பளம்போல நொறுக்கிக்கொண்டு உள்ளே இறங்கியிருந்தன. பக்கக் கண்ணாடியின் தண்டில் இரண்டு இலைகூட வந்திருந்தது. ஒதிலியாவின் புருஷன் ஃபெர்மின் இறங்கி, தொப்பியைக் கழற்றி, திரும்பப் போட்டுக்கொண்டு, "ரெண்டு நாளாவே ஸ்டியரிங் கொஞ்சம் கனமாத்தான் இருந்துச்சு" என்றான். டயர்க் கடைக்காரர் குனிந்து பார்த்துவிட்டு, காற்றெல்லாம் சரியாக இருக்கிறது என்றார். ஒதிலியா யாரையும் பார்க்கவில்லை. கிளம்புவதற்காக மூடிவைத்த அண்டாவைத் திறந்து, அடுப்பை மறுபடி பற்றவைத்தாள். வண்டி போகாவிட்டால் ஆலை வரும், அவ்வளவுதானே என்பதுபோல. அப்படியே வந்தது. மறுநாளிலிருந்து ஆலை ஆட்கள் ஒருவர் காரில் ஐந்து பேராக நெருக்கிக்கொண்டு அங்கேயே வந்து சாப்பிட்டார்கள்.

லோமா செக்கா என்கிற அந்த ஊர் கலிஃபோர்னியாவின் வெயில் பள்ளத்தாக்கில், பாதாம் தோப்புகளுக்கும் கிடங்குகளுக்கும் நடுவே, யாரோ இறக்கிவைத்துவிட்டு எடுத்துப்போக மறந்ததுபோலக் கிடந்தது. அதில் கம்பளம் விற்ற ஒரு பழைய கிடங்கை வாடகைக்கு எடுத்துத் தமிழர்கள் கோவிலாக்கியிருந்தார்கள். கோவிலுக்குச் சமைக்க வள்ளியூர்ப் பக்கத்துக் கல்யாணச் சமையல்காரனான சுடலைமுத்துவை விசா போட்டு வரவழைத்தவர்கள், வந்து இறங்கிய அன்றே பெயரில் பாதியை வெட்டி முத்து ஆக்கினார்கள். சுடுகாட்டை வைத்துக்கொண்டு எப்படிப் பொங்கல் வாங்கித் தின்பது என்று ஒருத்தர் கேட்டாராம்.

மடப்பள்ளிக்கு ஒரு சட்டம் உண்டு. சாமிக்குப் படைக்கும் முன்னால் சமைக்கிறவன் ருசி பார்க்கக் கூடாது. எனவே சுடலைமுத்து மூக்கால் சமைத்தான். உப்பு ஏறினால் ஆவியின் கனம் மாறும், புளி வெந்தால் பச்சை வாடை கழன்றுபோகும், வெல்லம் பதம் தப்பினால் மூக்கின் நுனியில் ஒரு சின்னக் கசப்பு உட்காரும். அப்படிக் காலையிலிருந்து மத்தியானம்வரை ஊருக்கெல்லாம் சமைத்து, நாக்கை ஒரு வேலையும் வாங்காமல் வாய்க்குள் சும்மா வைத்திருந்து, மத்தியானப் பூசை முடிந்ததும் பின்கதவு வழியாக வெளியே வந்து, ஒதிலியாவின் வண்டிக்குப் பின்னால் கவிழ்த்துப் போட்ட ஒரு பெயிண்ட் வாளியில் உட்காருவான். அந்த ஒரு மணி நேரம் அவன் கோவில்காரன் இல்லை, முத்து இல்லை, யாருக்கும் யாரும் இல்லை. ஒரு நாக்கு, ஒரு வாளி, அவ்வளவுதான். அதற்காகத்தான் அவன் காலையில் எழுந்திருந்தான்.

ஒதிலியா செய்வது பிர்ரியா. காய்ந்த மிளகாயை ஊறவைத்து, கிராம்பும் பட்டையும் பூண்டும் வினிகரும் சேர்த்து அரைத்து, ஆட்டுக்கறியில் பூசி, அண்டாவில் அடுக்கி, மூடியின் விளிம்பை மாவால் அடைத்து, மெல்லிய தீயில் விட்டுவிடுவாள். மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து அரைத்த மாவில் அவள் தட்டுகிற ரொட்டியை முதல்முதலாகப் பார்த்தபோது, வெற்றிலைக்குப் போடுகிற சுண்ணாம்பா என்று மோந்து பார்த்து, ஆமாம் என்று தெரிந்ததும், இந்தப் பெண்பிள்ளையிடம் விஷயம் இருக்கிறது என்று அவனுக்குப் பட்டது. ரொட்டியைக் கறியின் மேல் மிதக்கும் சிவப்புக் கொழுப்பில் முக்கி, கல்லில் போட்டு, ஓரம் மொறுமொறுக்கும்போது கறியை வைத்து மடித்துக் கையில் கொடுத்தால், அது ஆறுவதற்குள் தின்ன வேண்டும். ஆறிப்போன டாக்கோவும் விடிந்த பிறகு வந்த மாப்பிள்ளை அழைப்பும் ஒன்று என்பது அவன் கருத்து.

இருவரும் பேசிய மொழிக்குப் பெயர் கிடையாது. கால்வாசி ஆங்கிலம், கால்வாசி ஸ்பானிஷ், மீதி கை. அவள் அவனை 'வெசினோ' என்பாள், பக்கத்து வீட்டுக்காரரே என்று அர்த்தம். அவன் அவளை 'யக்கா' என்பான். அது ஏதோ பெரிய மரியாதைச் சொல் என்று நினைத்து ஃபெர்மினும் கொஞ்ச நாளில் தன் பெண்டாட்டியை யக்கா, யக்கா என்று கூப்பிட ஆரம்பித்தான். சுடலைமுத்து அதைத் திருத்தவில்லை. தனியாக இருக்கிறவனுக்குச் சிரிக்க நாளைக்கு ஒரு காரணமாவது வேண்டாமா?

அவன் சொல்லும் பண்டமும் ஒன்றுதான், சொல்லுகிற விதமும் ஒன்றுதான். சுட்டுவிரலால் அண்டாவைக் காட்டுவான். விரல்களைக் குவித்துத் தூக்கினால் வெங்காயம் கூட. இரண்டு விரல் நீட்டினால் எலுமிச்சை இரண்டு துண்டு. நெஞ்சைத் தொட்டால் சிவப்புச் சட்னி. கையைக் கவிழ்த்து விரித்தால் பச்சை வேண்டாம். கடைசிக் கையசைப்புக்கு மட்டும் ஒதிலியாவின் முகம் லேசாகச் சுருங்கும். பச்சைச் சட்னி அவள் அம்மா வழியில் வந்தது. தின்று முடித்தவன் சும்மா போகமாட்டான், சமையல்காரன் கை சும்மா இருக்காது. காலடியில் கிடக்கும் வெங்காய மூட்டையை இழுத்து உரித்து நறுக்க ஆரம்பிப்பான். அவள் சமைப்பதைப் பார்த்துக்கொண்டே நறுக்குவான். அவள் எதையும் ருசி பார்க்காமல் இறக்கமாட்டாள். கரண்டி நுனியால் இடது புறங்கையில் ஒரு சொட்டு விட்டு, நக்கி, கண்ணை மூடி யோசித்து, பிறகு உப்போ புளிப்போ போடுவாள்.

"நீ ருசியே பாக்கமாட்டியா, வெசினோ?"

"சாமிக்கு முன்னாடி நாம தின்னக் கூடாது யக்கா."

"அப்ப உப்பு இல்லேன்னா சாமி என்ன பண்ணும்?"

"சாமி இதுவரைக்கும் ஒண்ணும் சொன்னதில்ல."

"பாவம்" என்றாள், சாமியைத்தான்.

வேர் விட்ட செய்தி கேட்டு நகராட்சி ஆய்வாளர் வந்தாள். வண்டி என்றால் ஒரே இடத்தில் இத்தனை நேரம் நிற்கக் கூடாது, கட்டடம் என்றால் அடித்தளத்துக்கு அனுமதி வாங்க வேண்டும், மரம் என்றால் அனுமதி இல்லாமல் வெட்டக் கூடாது என்று மூன்று சட்டங்களையும் மாற்றி மாற்றி யோசித்தவள், பக்கக் கண்ணாடியிலிருந்து ஓர் இலையைக் கிள்ளி மோந்து பார்த்து, மரம்தான் என்று தீர்ப்பு சொல்லி, அந்த மரத்திடமிருந்தே இரண்டு டாக்கோ வாங்கித் தின்றுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். ஒதிலியாவும் அண்டா கழுவிய எலும்புத் தண்ணீரை வேறெங்கும் கொண்டுபோய்க் கொட்ட முடியாததால் தினமும் சக்கரத்து வேரிலேயே ஊற்றினாள். இலைகள் பெருகி, வண்டியின் கூரைக்கு மேல் ஆட்டுக் காதுபோலப் பக்கத்துக்கொன்றாக அசைந்தன.

இதெல்லாம் இப்படியே போயிருக்கும், ஒரு வெள்ளிக்கிழமை அந்த வண்டி கோமளவல்லி கண்ணில் படாமல் இருந்திருந்தால்.

கோமளவல்லி கோவில் கமிட்டியின் செயலாளர். தொழில், வீடு நிலம் வாங்கி விற்பது. கோவிலுக்குச் சொந்த இடம் தேடித் தேடி, ஊரின் கிழக்குப் பக்கத்தார் மேற்கே வேண்டாம் என்றும் மேற்குப் பக்கத்தார் கிழக்கே வேண்டாம் என்றும் அடித்துக்கொள்வதைக் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனவள். பூசைக்கு வந்தவள் காரை நிறுத்த இடம் தேடிப் பின்பக்கம் வந்து, நகராமல் நிற்கும் வண்டியைப் பார்த்தாள், வேரைப் பார்த்தாள், செருப்பைக் கழற்றினாள். கைப்பையிலிருந்த மஞ்சளையும் குங்குமத்தையும் எடுத்து முன்சக்கரத்து வேரில் அப்பிவிட்டுக் கைகூப்பி, "நாங்க இடம் பார்த்து முடிக்கறதுக்குள்ள நீங்களே பார்த்துக்கிட்டீங்களா?" என்றாள்.

அவள் கேட்டதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. நம் பக்கத்தில் பாதிக் கோவில்கள் வண்டி பழுதானதால் வந்தவை. சிலையை ஏற்றிக்கொண்டு எங்கேயோ போவார்கள். வழியில் மாடு படுத்துக்கொள்ளும், இல்லை அச்சு முறியும், இல்லை களைத்துப்போய் இறக்கிவைத்தது யானை கட்டி இழுத்தாலும் திரும்ப எழும்பாது. பிறகு யாராவது ஒருவர் கனவில் சாமி வந்து, எனக்கு இந்த இடம்தான் பிடித்திருக்கிறது என்று சொல்லும். நகரமாட்டேன் என்று நிற்கும் எதற்கும் தமிழனிடம் ஒரே விளக்கம்தான் உண்டு. டயர்க் கடை மைதானம் கிழக்கும் இல்லை, மேற்கும் இல்லை, சரியாக நடுவில் இருந்தது. அதனால் இரண்டு பக்கத்தாருக்கும் தோற்ற மாதிரி இல்லாமல் போயிற்று. கமிட்டித் தலைவர் வைத்தீஸ்வரன் பல் வைத்தியர், எதையும் ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் நம்புகிறவர். அவர் வந்து வண்டியை இரண்டு கையாலும் ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. "வேர் நல்லா ஸ்ட்ராங்கா இருக்கு" என்று அவரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். டயர்க் கடைக்காரரும், இத்தனை கார்கள் வந்து போனால் டயர் தேயத்தானே செய்யும் என்று கணக்குப் போட்டு, மைதானத்தைக் கோவிலுக்கே குத்தகைக்கு விட்டுவிட்டார்.

வண்டிக்கு மஞ்சள் துணி சுற்றினார்கள். பக்கவாட்டில் வரைந்திருந்த ஆட்டுத் தலைக்குச் சந்தனம் வைத்தார்கள். தரிசனத்துக்கு ஒரு வரிசை, டாக்கோவுக்கு ஒரு வரிசை என்று இரண்டும் வண்டியைச் சுற்றி வந்ததில், ஆலைக்காரன் ஒருவன் அண்டாவைத் தேடி மூன்று சுற்று சுற்றிப் புண்ணியம் கட்டிக்கொண்டான். மகன் வீட்டுக்கு வந்திருந்த தட்சிணாமூர்த்தி என்கிற மன்னார்குடிப் பெரியவர் வரிசை மாறி நின்று, காகிதத் தட்டில் வந்ததைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சாப்பிட்டு, திரும்பவும் வரிசையில் நின்றார். "பிரசாதம் அமோகம். இது என்ன பருப்பு?" என்று கேட்டார். என்ன பருப்பு என்று கடைசிவரை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. ஆனால் அன்று சாயங்காலமே கமிட்டி அவசரமாகக் கூடிற்று.

வைத்தீஸ்வரன் பழத்தட்டோடு ஒதிலியாவிடம் போனார். மொழிபெயர்க்கச் சுடலைமுத்துவைக் கூட்டிப்போனார்.

"வண்டி உங்களுதுதான்மா. நாங்க சாமியை மட்டும்தான் கேக்கறோம்."

"அப்ப வண்டியை விட்டுட்டு சாமியை எடுத்துட்டுப் போங்க" என்றாள் ஒதிலியா.

"அது வராதே. அதனாலதான் கறி மட்டும் வேண்டாங்கறோம். வேற எது வேணும்னாலும் விக்கலாம். இது இப்ப கோவில் இடம்."

சுடலைமுத்து மொழிபெயர்க்க ஆரம்பித்தான். கறி என்ற இடத்தில் அவன் கை அண்டாவைக் காட்டியது, வேண்டாம் என்ற இடத்தில் கவிழ்ந்து விரிந்தது. பச்சைச் சட்னிக்குக் காட்டுகிற அதே கை. அவள் அந்தக் கையைப் பார்த்தாளே தவிர, அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

வண்டியை ஓட்டிக்கொண்டு போகவும் முடியாது, அதில் கறி சமைக்கவும் கூடாது என்றால் என்ன செய்வாள்? சப்பாத்திக்கள்ளியின் முள்ளைச் சீவி, மடலை நீளவாக்கில் நறுக்கி, வெங்காயத்தோடு வதக்கி வைத்துக் கொடுத்தாள். நன்றாகவே இருந்தது. அதைப் பார்த்த கோமளவல்லி, வேலிக் கள்ளியையா சாமி சன்னிதியில் விற்பது என்று முகம் சுளித்தாள், ஆலையிலிருந்து வந்த ஒருவன் தட்டைப் பார்த்துவிட்டு, "வீட்டுல யாராவது செத்துட்டாங்களா, அம்மணி?" என்று துக்கமாகக் கேட்டான். பிறகு கார்கள் வருவது நின்றது. ஒதிலியா அண்டாவைக் கவிழ்த்தாள். சும்மா கிடக்கிற அடுப்பில் இனிமேல் சாமி பிரசாதத்தை முத்துவே சமைக்கட்டும் என்று கமிட்டி முடிவெடுத்தபோது, அவள் வண்டியின் பின்கதவுச் சாவியை அவன் உள்ளங்கையில் வைத்து, "உப்பு பார்த்துப் போடு" என்றாள். பெயிண்ட் வாளியைக் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஒதிலியாவின் அடுப்பில், ஒதிலியாவின் கரண்டியால், சுடலைமுத்து மூக்கால் சமைத்தான். கல்லில் ஏறியிருந்த மிளகாய்க் கொழுப்பு எத்தனை தேய்த்தாலும் போகாமல், பொங்கலின் ஆவியில் வந்து கலந்து அவன் மூக்கைக் குழப்பியது. வாளி இல்லை, உட்கார இடம் இல்லை, மத்தியானத்துக்குப் பிறகு அந்த ஒரு மணி நேரம் என்று ஒன்று இல்லை. தன் வாயிலிருந்து பிடுங்கியது போதாதென்று அவள் வாயிலிருந்தும் பிடுங்க, தன் கையையே கருவியாக்கிவிட்டார்களே என்று பாத்திரத்தைத் துலக்கிக்கொண்டே நினைப்பான். நினைத்து என்ன, பாத்திரம்தான் பளபளத்தது.

இலைகள் பழுக்க ஆரம்பித்தன. வேருக்குப் பால் ஊற்றினார்கள், இளநீர் ஊற்றினார்கள், பன்னீர் ஊற்றினார்கள். மேலும் பழுத்தன. ஒருவர் மண்ணைச் சோதிக்கும் பெட்டி கொண்டுவந்தார். ஒருவர் வாஸ்து பார்த்து வண்டியைக் கொஞ்சம் திருப்பி வைக்க முடியுமா என்று கேட்டார். சுடலைமுத்துவுக்குத் தெரியும், எலும்புத் தண்ணீர் குடித்து வளர்ந்த வேர் பாலுக்கு எப்படி அடங்கும்? ஆனால் அதைச் சொன்னால், உனக்கு எப்படித் தெரியும், நீ அங்கே என்ன செய்துகொண்டிருந்தாய் என்று கேள்வி வரும். கறி தின்கிற மடப்பள்ளிக்காரனை அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவார்கள். வாயை மூடிக்கொண்டு கிண்டினான். இன்னும் ஒரு மழைக்கு வண்டி தாங்காது, பட்ட மரமாக நின்று துருப்பிடிக்கும், ஒதிலியாவுக்குத் திரும்பிவர வண்டியே இருக்காது என்பது மட்டும் அவனுக்கு நாளுக்கு நாள் தெளிவாகிக்கொண்டே வந்தது.

தை வெள்ளி வந்தது. பட்டுப் புடவைகளும் நாதஸ்வர ஒலிபெருக்கியுமாக மைதானம் நிறைந்தது. வண்டியின் ஜன்னலைத் திறந்து வைத்து, எல்லோரும் பார்க்கும்படி சுடலைமுத்து சர்க்கரைப் பொங்கல் கிண்டிக்கொண்டிருந்தான். கயிறு கட்டிய எல்லைக்கு வெளியே, சொந்த வீட்டை வேடிக்கை பார்க்க வந்தவர்கள்போல ஒதிலியாவும் ஃபெர்மினும் நின்றார்கள். நாலு மணி ஆனதும் ஃபெர்மின் கயிற்றைத் தாண்டி வந்தான். வேர் விட்ட நாளிலிருந்து ஒரு நாள் தவறாமல் நாலு மணிக்கு வந்து சாவியைத் திருகிப் பார்ப்பான், வண்டி இருமும், போகாது, இறங்கிப் போய்விடுவான். இதை நித்திய கைங்கரியம் என்று வைத்துக்கொண்டு கமிட்டியும் அனுமதித்திருந்தது. அன்றும் திருகினான். வண்டி இருமிற்று.

அந்த இருமலில் அடுப்பு குலுங்கியது, பொங்கல் தளும்பியது, மிளகாய்க் கொழுப்பின் வாடை ஒரு அலையாக எழும்பிச் சுடலைமுத்துவின் மூக்கை அடைத்தது. உப்புக்கல் போட்டோமா, போடவில்லையா, தெரியவில்லை. அவன் கை, யாரையும் கேட்காமல், கரண்டி நுனியை எடுத்து இடது புறங்கையில் ஒரு சொட்டு விட்டது. அவன் நக்கினான். கண்ணை மூடி யோசித்தான்.

கண்ணைத் திறந்தபோது நாதஸ்வரம் நின்றிருந்தது. மைதானமே அவன் புறங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தது. சாமிக்குப் படைக்கும் முன்னால், சாமி சன்னிதியில், இத்தனை பேர் முன்னால் எச்சில் செய்கிற துணிச்சல் எந்த மனுஷனுக்கு வரும்? யாருக்கும் வராது. ஆகவே அது மனுஷன் இல்லை என்று எல்லோரும் ஒரே மூச்சில் முடிவுக்கு வந்தார்கள். கோமளவல்லிதான் முதலில் குலவையிட்டாள். குருக்கள் மணியை எடுத்தார். யாரோ விபூதியை வாரி அவன் நெற்றியில் பூசினார்கள்.

"யாரு வந்திருக்கீங்க? என்ன வேணும், சொல்லுங்க!" என்றாள் கோமளவல்லி கைகூப்பியபடி.

யாரும் வரவில்லை, நான்தான், உப்பு பார்த்தேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அவன் வேலை போகும், வண்டியும் பாலைக் குடித்துக் குடித்துச் செத்துப்போகும். கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஒதிலியா கையைக் கட்டிக்கொண்டு நிற்பது தெரிந்தது.

"ஆட்டுக்கறி" என்றான்.

கூட்டம் மூச்சை இழுத்தது. எதையும் ஆட்டிப் பார்க்கிற வைத்தீஸ்வரன் ஓரடி முன்னால் வந்து, "எப்படிச் செய்யணும்னு சாமி உத்தரவு சொன்னா நல்லா இருக்கும்" என்றார்.

"ஒதிலியா கையால." அவன் விரல் கவிழ்ந்து கிடந்த அண்டாவைக் காட்டியது. "மிளகாயில ஊறப்போட்டு, மூடியை மாவால அடச்சு." விரல்கள் குவிந்து எழுந்தன. "வெங்காயம் கூட." இரண்டு விரல் நீண்டது. "எலுமிச்சை ரெண்டு துண்டு." நெஞ்சைத் தொட்டான். "சிவப்புச் சட்னி கூட." மூச்சு வாங்கி, பழக்கம் விடாமல், கையைக் கவிழ்த்து விரித்தான். "பச்சை வேண்டாம்."

"பச்சை வேண்டாமா?" என்று குருக்கள் உறுதிப்படுத்திக்கொண்டார்.

"வேண்டாம்."

"எந்த சாமியும் இவ்வளவு தெளிவாச் சொல்லி நான் கேட்டதில்லை" என்று வைத்தீஸ்வரன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தமிழ் தெரியாத ஒதிலியாவுக்கு அந்த ஐந்து கையசைப்பும் தெரியும். அவள் சட்டென்று ஃபெர்மின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். முதுகு குலுங்கியது, அவன் முதுகா அவள் முதுகா என்று தெரியவில்லை.

அதற்குப் பிறகு எல்லாம் முறைப்படி நடந்தது. கறி கேட்கிற சாமி காவல் தெய்வம். காவல் தெய்வம் கோவிலுக்கு வெளியேதான் நிற்கும். காவல் தெய்வத்துக்குக் கிடா வெட்டும்போது உள்ளே இருக்கிற சைவச் சாமி பார்க்காமல் திரை போடுவது ஊர் வழக்கம். எனவே கிடங்கின் பின்வாசலுக்கும் வண்டிக்கும் நடுவே சிவப்புத் திரை ஒன்று தொங்கவிட்டார்கள். ஒதிலியா அண்டாவை நிமிர்த்தினாள். எலும்புத் தண்ணீர் வேருக்குப் போனது, இலைகள் பச்சை பிடித்தன, ஆலைக் கார்கள் திரும்பின. மத்தியானம் திரை விழுந்ததும் கமிட்டிக்காரர்கள் ஒவ்வொருவராகக் கைகழுவப் போகிறேன், போன் பேசப் போகிறேன் என்று காணாமல்போய், திரைக்கு அந்தப் பக்கம் ஒருவரை ஒருவர் பார்த்து, அதிர்ச்சி அடையாமல், வரிசையில் நின்றார்கள்.

சுடலைமுத்துவுக்குத்தான் கதி இல்லாமல் போயிற்று. சாமி இறங்கிய உடம்பு அடுப்பங்கரையில் வேகலாமா என்று அவனை மடப்பள்ளியிலிருந்து எடுத்து, மாலை போட்டு, வண்டிக்கு முன்னால் ஒரு நாற்காலியில் உட்காரவைத்தார்கள். கிரீன் கார்டு எப்போது வரும் என்று கேட்டார்கள், தெரியாது என்றான், தெரியாது என்றால் தாமதமாகும் என்று அர்த்தம் பண்ணிக்கொண்டு காலில் விழுந்தார்கள். பிர்ரியா அவனுக்கு வராமல் இல்லை. அவன் உத்தரவிட்டபடியே, வெங்காயம் கூட, சிவப்புச் சட்னி கூட, வெள்ளித் தட்டில் வந்தது. ஆனால் மந்திரம் சொல்லி, தண்ணீர் சுற்றி, கற்பூரம் காட்டி, கோமளவல்லி மூன்று முறை விழுந்து எழுந்த பிறகு வந்தது. ஆறிப்போயிருந்தது. கொழுப்பு உறைந்து, ரொட்டி தோல்போல மடங்கி, விடிந்த பிறகு வந்த மாப்பிள்ளை அழைப்பாக. எல்லோரும் வாயைப் பார்க்க, சாமி மென்றது.

ஊருக்குக் கறி கிடைத்தது, வண்டிக்கு உயிர் கிடைத்தது. கேட்டு வாங்கிக் கொடுத்தவனுக்கு ஒரு வாய் சூடாகக் கிடைக்கவில்லை.

பங்குனியில் கமிட்டி பெரிய காரியத்தில் இறங்கியது. சாமி நிரந்தரமாக இருக்க வேண்டும் என்று வண்டியைச் சுற்றிக் கருங்கல் மதில் எழுப்ப முடிவாகி, மகாபலிபுரத்தில் கல் செதுக்கச் சொல்லி, அஸ்திவாரத்துக்குப் பள்ளம் தோண்ட இயந்திரம் வந்தது. முதல் பள்ளம் தோண்டி, நவதானியம் போட்டு, எல்லோரும் கைதட்டியபோது மணி நாலு. ஃபெர்மின் மாலைகளை விலக்கிக்கொண்டு ஏறி, சாவியைத் திருகினான். வண்டி இருமிற்று. பிறகு, ஓடையில் இறங்குகிறவள் புடவைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகுவதுபோல, நாலு சக்கரத்து வேரையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தூக்கி, அடிவயிற்றில் மடித்துச் செருகிக்கொண்டு, பள்ளத்தைப் பார்த்து லாகவமாகத் தாண்டி, ஆட்டுக் காதுகளை ஆட்டியபடி ஆலைப் பக்கம் போய்விட்டது. ஜன்னலுக்குள் ஒதிலியா அண்டா சரியாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தது தெரிந்தது.

வண்டி நின்ற இடத்தில் நாலு குழி இருந்தது. வைத்தீஸ்வரன் குனிந்து ஒரு குழிக்குள் விரலை விட்டு, பல் பிடுங்கிய ஈறைத் தடவுவதுபோலத் தடவிப் பார்த்தார். "சூடு இன்னும் இருக்கு" என்றார். அப்புறம் என்ன, சாமி இருந்த குழிக்குச் சாமியைவிட ஒரு மாற்று அதிகம்தான். அது எங்கேயும் போகாது, எதுவும் தின்னக் கேட்காது. கருங்கல் மதிலைக் குழிகளைச் சுற்றியே கட்டிக்கொள்வது என்று அங்கேயே நிச்சயமானது. திரையை யாரும் கழற்றவில்லை. இன்றைக்கும் மத்தியானம் திரை விழுகிறது, அதற்குப் பின்னால் ஒன்றுமே இல்லை, ஆனாலும் நாலு பேர் கைகழுவப் போகிறார்கள்.

கோமளவல்லி சுடலைமுத்துவின் கழுத்து மாலையைக் கழற்றினாள். "சாமி கிளம்பிட்டாரு, முத்து. நாளைக்குப் புளியோதரைக்கு ஆள் அதிகம், காலையில சீக்கிரம் வந்திருங்க" என்றாள்.

"சரிங்கம்மா" என்றான். நாற்காலியை மடித்து, சுவரில் சாத்திவிட்டு, பஸ் நிறுத்தத்துக்கு நடந்தான்.

பாதாம் ஆலை வாசலில் தூசி அந்தி வெயிலில் பொன்னாகப் பறந்துகொண்டிருந்தது. வண்டி தன் பழைய இடத்தில், அடியில் செருகிய வேரிலிருந்து மண் உதிர, நின்றது. பின்பக்கம் பெயிண்ட் வாளி கவிழ்த்துப் போட்டிருந்தது. உட்கார்ந்தான். யாரும் விழவில்லை, யாரும் கேட்கவில்லை. ஷிப்ட் மாறிப் போகிற ஒருவன் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லிக் காலால் வாளியை இடித்தான்.

ஒதிலியா எட்டிப் பார்த்து, புருவத்தைத் தூக்கி, "சாமிக்கு என்ன உத்தரவு?" என்றாள்.

அவன் சுட்டுவிரலைத் தூக்குவதற்குள் தட்டு வந்துவிட்டது. மடித்த ரொட்டியின் ஓரம் இன்னும் சீறிக்கொண்டிருந்தது. விரல் சுட்டது, உதடு சுட்டது, கறி நார் நாராகக் கழன்று, மிளகாயும் கிராம்பும் எலுமிச்சையும் ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு நாக்கு முழுவதும் ஓட, அவன் கண்ணில் தண்ணீர் வந்தது, மிளகாயால்தான். முடித்துவிட்டு விரலை நக்கினான். அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இத்தனை வருஷமா கேக்கணும்னு நினைப்பேன், வெசினோ. பச்சை ஏன் வேண்டாம்?"

"உப்பு கொஞ்சம் தூக்கல், யக்கா."

"நீதான் தின்னு பார்த்ததே இல்லையே?"

அவன் மூக்கைத் தொட்டுக் காட்டினான். அவள் பச்சைச் சட்னியில் கரண்டியை விட்டு, புறங்கையில் ஒரு சொட்டு எடுத்து, நக்கி, கண்ணை மூடி வெகுநேரம் யோசித்தாள். பிறகு அரை எலுமிச்சையைப் பிழிந்துவிட்டு, காலால் வெங்காய மூட்டையை அவன் பக்கம் தள்ளினாள்.

அவன் ஒரு வெங்காயத்தை எடுத்து, காம்பைக் கிள்ளி, உரிக்க ஆரம்பித்தான்.